'ஃபிளாம்பாயன்ட்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஃபிளாம்பாயன்ட்' என்றால் என்ன பொருள்?

கண்ணைப் பறிக்கும் விதத்தில், கூச்சம் இல்லாமல், நிறமும் அசைவும் துள்ளலுமாகத் தன்னை வெளிப்படுத்திக்கொள்வது. ஆளுக்கும் சொல்லலாம், உடை, நடை, பேச்சு, எழுத்து நடை, விளையாட்டு, கட்டடம் எல்லாவற்றுக்கும் சொல்லலாம்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் 'பகட்டான', 'ஆடம்பரமான' என்று போட்டிருக்கும். இரண்டும் பாதிதான் சரி. ஆடம்பரம் என்றதும் நமக்குச் செலவு நினைவுக்கு வருகிறது. பகட்டு என்றதும் உள்ளே ஒன்றும் இல்லையோ என்ற ஐயம் வருகிறது. ஃபிளாம்பாயன்டில் இவை இரண்டும் கட்டாயம் இல்லை. கையில் காசில்லாதவர், நூறு ரூபாய்ச் சட்டையும் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டுமாக வந்தே அந்தப் பெயரை வாங்கிவிடலாம். கோடிக்கணக்கில் செலவழித்து அமைதியாக ஒரு கல்யாணத்தை நடத்துபவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது சொல்லின் பிறப்பைப் பார்த்தால் விளங்கிவிடும். அதன் வேரில் இருப்பது பணம் அல்ல, தீ.

எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

எஃப், எல், ஏ, எம், பி, ஓ, ஒய், ஏ, என், டி. மொத்தம் பத்து எழுத்து. 'ஓ'வுக்குப் பின் 'யு' நுழைப்பது, கடைசி 'ஏ'யை 'ஈ' ஆக்குவது ஆகிய இரண்டும்தான் அதிகம் நிகழும் பிழைகள். அழுத்தம் நடு அசையில், அதாவது 'பாய்' மேல் விழும். பெயர்ச்சொல் 'ஃபிளாம்பாயன்ஸ்', வினையடை 'ஃபிளாம்பாயன்ட்லி'.

சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் 'ஃபிளாம்மா' என்றால் சுடர். அதன் குறுமை வடிவம் 'ஃபிளாம்முலா', குட்டிச் சுடர். பழைய பிரெஞ்சில் அது 'ஃபிளாம்ப்ல்' என்று சுருங்கி, இரண்டு 'ல்' ஒலிகளில் ஒன்று தேய்ந்து 'ஃபிளாம்ப்' ஆனது. அதிலிருந்து 'ஃபிளாம்ப்வாயே' என்ற வினை: கொழுந்துவிட்டு எரிதல். அந்த வினையின் நிகழ்கால எச்ச வடிவமே 'ஃபிளாம்பாயன்ட்'. நேர்ப்பொருள் 'கொழுந்துவிட்டு எரிகிற'.

நடுவில் உள்ள 'பாய்' பலரைக் குழப்புகிறது. பையனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவு இல்லை. 'பி' சுடரைக் குறிக்கும் பகுதியின் கடைசி எழுத்து. அதன் பின்னால் வரும் 'ஓய்' ஒரு பிரெஞ்சு வினை விகுதி. அந்த விகுதி கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் 'மாடர்னைஸ்', 'ஆர்கனைஸ்' போன்ற வினைகளின் முடிவில் வரும் 'ஐஸ்' விகுதியும் அதே குடும்பம். மிதக்கும் தன்மையைக் குறிக்கும் 'பாயன்ட்' என்ற சொல்லும் வேறு. அது நீரில் மிதக்கவிடும் மிதவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலத்துக்குள் எப்போது, எதற்காக நுழைந்தது?

1832 முதல் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. நுழைந்தது கட்டடக்கலைச் சொல்லாக. மனிதர்களைப் பற்றிப் பேச அதை யாரும் அழைத்துவரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் இடைக்காலத் தேவாலயங்களைக் காலவாரியாகப் பிரித்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் கட்டடக்கலைஞர் தாமஸ் ரிக்மன் 1817 இல் வகுத்த 'டெகரேட்டட்', 'பெர்பெண்டிகுலர்' என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. பிரான்சில், வட்ட ஜன்னல்களின் கற்கம்பிகள் கதிர்போல விரியும் 13ஆம் நூற்றாண்டுப் பாணிக்கு 'ரேயோனாந்', அதாவது 'கதிர் வீசுகிற' என்று பெயர் வந்தது. அதற்கு அடுத்து, ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்த பாணியில் கற்கம்பிகள் நெளிந்து மேலெழுந்து தீக்கொழுந்து போலத் தெரிந்தன. அதற்கு வந்த பெயர்தான் ஃபிளாம்பாயன்ட்.

ஒரு கட்டடத்தில் இந்தப் பாணியை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் ஜன்னலின் மேற்பகுதியைப் பாருங்கள். கீழே செங்குத்தான கண்ணாடிப் பட்டைகள் இருக்கும்; அவற்றுக்கு மேலே, வளைவின் வயிற்றுக்குள், கல்லில் பின்னிய கம்பி வேலை இருக்கும். அந்தக் கம்பிகள் வட்டம், மூவிலை, நாலிலை என்று அடங்கிய உருவங்களாக இருந்தால் அது முந்தைய பாணி. 'எஸ்' எழுத்துப்போல இருமுறை வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்று வழிந்தோடினால் ஃபிளாம்பாயன்ட்.

அந்த நெளிவுகளுக்கு இடையே உண்டாகும் இடைவெளிகளுக்கும் பெயர் உண்டு. இருபுறமும் ஒத்துக் கூர்ந்த இலை வடிவம் 'சூஃப்லே'. துருத்தியைக் குறிக்கும் சொல். ஒருபக்கம் சாய்ந்து வளைந்த வால் உள்ள வடிவம் 'மூஷெத்'. ஒரு வட்டத்துக்குள் மூன்று மூஷெத்துகள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் சுழன்றால், ஐயமே வேண்டாம், இதே பாணிதான்.

அடுத்தது தூண்கள். முந்தைய பாணிகளில் தூணின் தலையில் போதிகை இருக்கும். தூண் முடிந்து வளைவு தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். இங்கே பெரும்பாலும் போதிகையைக் காணோம். தரையிலிருந்து கிளம்பும் கல்வரி அப்படியே மேலேறி வளைவாகி விதானத்தில் ஓடுகிறது. சில இடங்களில் வளைவின் வரிகள் தூணின் உடலுக்குள் புகுந்து மறைகின்றன. வாசலுக்கு மேலே நெளிந்து கூரும் முக்கோண முகப்பு, அதன் ஓரத்தில் சுருண்ட இலைகள், பக்கத்தில் ஊசி ஊசியாய் நிற்கும் சிறு கோபுரங்கள் ஆகியவை அடுத்த அடையாளங்கள்.

அலங்காரம் அதிகம் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் பொதுவான தவறு. இதற்குப் பின், 17ஆம் நூற்றாண்டில் ஓங்கிய பரோக் பாணியிலும் அலங்காரம் மிகுதி; ஆனால் அங்கே இந்தக் கற்கம்பி வேலை கிடையாது. அளவைப் பார்க்காமல் கோட்டின் போக்கைப் பாருங்கள்.

அந்த 'எஸ்' வளைவை எப்படி வரைந்தார்கள்?

கவராயத்தால். கொத்தர்கள் தரையிலோ சாந்து பூசிய தளத்திலோ முழு அளவில் வரைந்து, அதிலிருந்து மரப்பலகை அச்சு வெட்டி, அந்த அச்சை வைத்துக் கல்லைச் செதுக்கினார்கள். எளிய வகை ஒன்றை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

1. 8 செ.மீ. நீளத்தில் கிடைக்கோடு ஒன்று போடுங்கள். இடது முனை அ, வலது முனை ஆ. நடுப்புள்ளி ம.
2. அதன்மேல் சமபக்க முக்கோணம் எழுப்புங்கள். உச்சி இ. அதன் உயரம் ஏறத்தாழ 6.9 செ.மீ. வரும்.
3. அ-இ பக்கத்தின் நடுப்புள்ளியையும் ஆ-இ பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறியுங்கள்.
4. கவராயத்தை 4 செ.மீ. திறந்து, ம-வில் ஊன்றி, அ-விலிருந்து இடப்பக்க நடுப்புள்ளி வரை வில் போடுங்கள். வலப்பக்கமும் அப்படியே.
5. உச்சி வழியே ஒரு கிடைக்கோடு போட்டு, உச்சியிலிருந்து இருபுறமும் 4 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அவை அ, ஆ இரண்டுக்கும் நேர் மேலே அமையும்.
6. கவராயத்தின் திறப்பை மாற்றாமல், இடப்புள்ளியில் ஊன்றி, இடப்பக்க நடுப்புள்ளியிலிருந்து உச்சி வரை வில் போடுங்கள். வலப்புள்ளியிலிருந்து வலப்பக்கம்.

கீழே வெளிப்பக்கம் புடைத்த வளைவு, பாதியில் திரும்பி உட்பக்கம் குழிந்து, உச்சியில் செங்குத்தாகக் கூர்ந்து நிற்கும். விளக்குச் சுடரின் வடிவம் அப்படியே வந்துவிடும்.

வளைவு திரும்பும் இடத்தில் முடிச்சுப்போல ஒரு மடிப்புத் தெரிந்தால், மையங்களில் ஒன்று நகர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு விற்களின் மையங்களும் அவை சந்திக்கும் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்குள் வழுக்கிப் போகும். ஸ்கேலை வைத்து அந்த மூன்று புள்ளிகளையும் சரிபாருங்கள். கொத்தருக்கும் இதே விதிதான். தாளில் நாம் அழித்துப் போடலாம், அவரால் முடியாது.

எந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று என்றால் பிரான்சின் ரூவான் நகரில் உள்ள சேன் மக்லூ தேவாலயம். 1430களில் தொடங்கி 1521 இல் அர்ப்பணிக்கப்பட்டது. நேர்ச்சுவராக இல்லாமல் விசிறிபோல முன்வளைந்த ஐந்து வாசல் முகப்பு அதன் தனிச்சிறப்பு. அதே ஊரின் பேராலயத்தில் 'வெண்ணெய்க் கோபுரம்' ஒன்று உண்டு. 1485 இல் தொடங்கியது, உயரம் 75 மீட்டர். தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த காசில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர்.

ஒப்பிட்டுப் பார்க்க மிக நல்ல இடம் ஷார்த்ர் பேராலயம். முகப்பின் இரண்டு கூர்முடிகளும் ஒன்றுபோல இருக்காது. தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டினது. அலங்காரம் குறைந்த, வழுவழுப்பான கூம்பு. வடக்கே இருந்த மரக்கூம்பு 1506 இல் மின்னல் தாக்கி எரிந்துபோக, ழான் ட போஸ் என்ற கலைஞர் 1507 முதல் 1513 வரை ஃபிளாம்பாயன்ட் பாணியில் கல்லால் புதிதாகக் கட்டினார். உயரம் சுமார் 113 மீட்டர். ஒரே படத்தில் இரண்டையும் பார்க்கலாம். சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

ஜன்னலுக்கு வைத்த பெயர் மனிதருக்கு எப்படி வந்தது?

பாணியைப் பற்றிய தீர்ப்பு வழியாக. 19ஆம் நூற்றாண்டு விமர்சகர்களில் பலருக்கு, கூர்வளைவுகளால் ஆன இடைக்காலத் தேவாலயக் கலையான கோதிக்கின் இந்தப் பிற்காலப் பாணி பிடிக்கவில்லை. முன்னோரின் கட்டுப்பாடு போய்ச் செழிப்பு கரைபுரண்டுவிட்டது என்று கருதினார்கள். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849 இல், கல்லை நூல்போல வளையக்கூடிய பொருளாகக் காட்டத் தொடங்கியதே கோதிக் கலையின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று வாதிட்டார். ஆக, அந்தப் பாணியின் பெயரைச் சொன்னாலே 'அளவு மீறியது' என்ற நிழலும் கூடவே விழுந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில், அளவு மீறிய அலங்காரம் உள்ள எழுத்துக்கும், உடைக்கும், பின்னர் ஆளுக்கும் சொல் பரவியது.

ரஸ்கினின் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை. இரண்டு அடுத்தடுத்த விற்கள் எங்கே தொடும் என்று மில்லிமீட்டர் பிசகாமல் கணக்கிட்டவர்களைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. இன்றைய பயன்பாட்டிலும் இந்த உண்மை ஓரளவு தங்கியிருக்கிறது. நல்ல ஃபிளாம்பாயன்ட் கலைஞரின் துள்ளலுக்கு அடியில் கடும் பயிற்சி இருக்கும்.

பாராட்டா, பழிப்பா?

எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. கலை, இசை, விளையாட்டு, மேடை என்றால் பெரும்பாலும் பாராட்டு. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 38 ரன் எடுத்து இரு அணியிலும் அதிக ரன் அடித்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தை 'ஃபிளாம்பாயன்ட் ஓப்பனர்' என்றால், அதில் மகிழ்ச்சிதான் இருக்கிறது. நிர்வாகி, நீதிபதி, கணக்காளர் போன்று அடக்கம் எதிர்பார்க்கப்படும் இடங்களில் அதே சொல் குத்தலாக மாறும். தொழிலதிபரின் வாழ்க்கைமுறையைப் பற்றிச் செய்தித்தாளில் வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் குறைதான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கில ஊடகங்களில் நீண்டகாலமாக, ஒரு ஆண் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்த இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஒரு ஆணின் உடையையோ நடையையோ மட்டும் வைத்து இதை எழுதும்போது, நீங்கள் நினைக்காத பொருளை வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும். எது பகட்டாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஃபிளாம்பாயன்ட் மேடைப்பேச்சு', 'ஃபிளாம்பாயன்ட் பேட்டிங்' என்பதுபோல. குழப்பம் தீரும்.

'ஆஸ்டென்டேஷியஸ்', 'டாட்ரி', 'பிளிங்' எல்லாம் இதே பொருள்தானே?

இல்லை. ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டால் வாக்கியம் வேறு எதையோ சொல்லிவிடும்.

'ஆஸ்டென்டேஷியஸ்' இலத்தீனில் 'முன்னால் நீட்டிக் காட்டு' என்ற வினையிலிருந்து வந்தது. பார்க்கிறவரை நோக்கி நீட்டுவது அதன் உயிர். பிறர் மதிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அந்தச் சொல் இல்லை. அதனால் அது ஏறக்குறைய எப்போதும் பழிப்பு. ஃபிளாம்பாயன்ட் ஆள் தனியாக இருக்கும்போதும் அப்படியே இருப்பார்.

'டாட்ரி' மலிவான மினுக்கு. இதன் கதை விரிவானது. கிழக்கு இங்கிலாந்தின் ஈலி என்ற ஊரில் 673 இல் மடம் நிறுவிய எதெல்த்ரித் என்ற அரசி 679 இல் இறந்தார். கழுத்தில் வந்த கட்டிக்கு, இளமையில் தான் விரும்பி அணிந்த கழுத்தணிகளே காரணம் என்று அவர் கருதியதாகப் பழைய வரலாறு கூறுகிறது. மக்கள் வழக்கில் அவர் பெயர் ஆட்ரி ஆனது. அக்டோபர் 17 அன்று அவர் பெயரால் நடந்த சந்தையில் பட்டுக் கழுத்துப் பட்டிகள் விற்றார்கள். 'செயின்ட் ஆட்ரி' பட்டி என்ற பெயரில் முதற்சொல்லின் கடைசி 'ட்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'டாட்ரி' ஆனது. நாளடைவில் சரக்கின் தரம் இறங்க, சொல்லின் பொருளும் இறங்கியது.

'ரிட்ஸி' என்பது 1898 இல் பாரிஸிலும் 1906 இல் லண்டனிலும் தன் பெயரில் ஹோட்டல் திறந்த சீசர் ரிட்ஸிடமிருந்து, பணக்காரச் சொகுசு. 'பிளிங்' 1990களின் அமெரிக்க ஹிப்ஹாப் வழக்கு. நகையில் வெளிச்சம் பட்டால் எழுவதாகக் கற்பனை செய்த ஓசை.

சுடரிலிருந்து பிறந்த வேறு ஆங்கிலச் சொற்கள் எவை?

'ஃபிளேம்' நேரடி உறவு. சாராயம் ஊற்றிக் கொளுத்திப் பரிமாறும் 'ஃபிளாம்பே', தீப்பந்தமான 'ஃபிளாம்போ', பூநாரையைக் குறிக்கும் 'ஃபிளமிங்கோ' எல்லாம் ஒரே வீடு. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் வந்திறங்கும் அதே பறவைதான். சிறகின் செந்நிறமே பெயருக்குக் காரணம். விளிம்பு நெளிநெளியாக இருக்கும் ஐரோப்பிய வாளையும் ஃபிளாம்பாயன்ட் என்பார்கள்.

லாரி, சிலிண்டர் ஆகியவற்றின் மேல் காணும் 'ஃபிளாமபிள்', 'இன்ஃபிளாமபிள்' இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றும். இரண்டாவதில் உள்ள 'இன்' மறுப்பு அல்ல. தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து.

இது ஒரு மரத்தின் பெயரும் ஆமே?

ஆம், நமக்கு நன்கு தெரிந்த மரம். ஏப்ரல் முதல் ஜூன் வரை தமிழகத் தெருக்களைச் சிவப்பாக்கும் குல்மொஹர், செம்மயிற்கொன்றை. மே மலர் என்றும் சொல்வார்கள். பிரெஞ்சு பேசும் இடங்களில் அதன் பெயர் ஃபிளாம்பாயன்ட். தாயகம் மடகாஸ்கர். 1820களில் வென்சல் போயர் என்ற தாவரவியலாளர் அதை அங்கே கண்டார். 1829 இல் அறிவியல் பெயரோடு வெளிவந்தது. மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் வாழும் தமிழர்களுக்கு அது டிசம்பர் மரம். தென்கோளத்தின் கோடையில் பூப்பதால் அங்கே கிறிஸ்துமஸ் காலத்தின் அடையாளம்.

இன்றைய பேரினப் பெயர் 'டெலோனிக்ஸ்'. கிரேக்கத்தில் 'வெளிப்படையாகத் தெரியும் நகம்'. பூவைப் பிரித்துப் பாருங்கள்: ஐந்து இதழ்களும் காம்புபோன்ற நீண்ட அடியோடு இருக்கும், அந்த அடிதான் நகம். நான்கு இதழ் செம்மை, ஐந்தாவதில் மட்டும் வெள்ளையும் மஞ்சளும் தீற்றியிருக்கும். நம் ஊர்க் கீரைக்காரர்கள் விற்கும் வாதநாராயணன் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரம். நட விரும்புகிறவர்களுக்கு: செம்மயிற்கொன்றையின் வேர் ஆழம் போகாது, கிளை எளிதில் முறியும். சுவரையோ மின்கம்பியையோ ஒட்டி வைக்காதீர்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் நிரப்ப முயலும்போதுதான் மொழிபெயர்ப்பு கெடுகிறது. நம்மிடம் உள்ள சொற்களுக்கும் தனித்தனி வேர் உண்டு. 'ஆடம்பரம்' வடமொழியில் முரசையும் பேரோசையையும் குறித்தது. 'படாடோபம்' பாம்பு படம் விரித்துக் காட்டுவது. 'டாம்பீகம்' பொய்த்தோற்றத்தைக் குறிக்கும் 'தம்பம்' என்பதிலிருந்து வந்தது. ஆகவே மூன்றிலும் கடுமையானது இதுதான். 'ஆஸ்டென்டேஷியஸ்' என்பதற்குப் படாடோபம் அச்சாகப் பொருந்தும். ஃபிளாம்பாயன்டுக்கு அதைப் போட்டால் பாராட்டு வசவாகிவிடும்.

உடை என்றால் 'எடுப்பான', 'கண்ணைப் பறிக்கும்'. மேடைப்பேச்சு என்றால் 'ஆர்ப்பாட்டமான'. ஆட்டக்காரர் என்றால் 'துள்ளலான' என்பதே நெருக்கம். 'அதிரடி' வேகத்தைத்தான் சொல்கிறது, அழகைச் சொல்லவில்லை. குறை சொல்லும் இடத்தில் தயங்காமல் 'பகட்டான'. கட்டடக்கலையில் 'தீக்கொழுந்துப் பாணி' என்று முதல்முறை விளக்கிவிட்டு, பிறகு ஃபிளாம்பாயன்ட் என்றே எழுதுங்கள். அங்கே 'ஆடம்பர கோதிக்' என்று எழுதினால், வாசகர் ஜன்னலில் நெளிவைத் தேடாமல் தங்கத்தைத் தேடுவார்.